கால் மில்லிமீட்டர்

மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது
அதே டப்பா, அதே மேல்தாடை.
டாக்டர் ஷெரின் சீட்டில் எழுதியிருக்கிறார்:
"கத்தும்போது விழுகிறதாம்."

அமைந்தகரையில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்
எங்கள் லேப்.
வாய்கள் இங்கே வருவதில்லை.
அச்சுகள்தான் வரும்,
ரப்பர் பேண்டு போட்டு, பைக் பெட்டியில் குலுங்கி.
பதினோரு வருடத்தில்
ஒருவர் குரலையும் நான் கேட்டதில்லை.

கரிக்குச்சியைப் பல்லின் இடுப்பில் உரசிச்
சுற்றிவரக் கோடு இழுக்கிறேன்.
கோட்டைத் தாண்டி ஈறுப்பக்கம் பல் ஒடுங்கும்.
அந்த ஒடுக்கத்துக்குள்
கொக்கியின் நுனி கால் மில்லிமீட்டர் நுழைய வேண்டும்.
அரை என்றால் பல்லை ஆட்டிவிடும்.
நுழையவே இல்லையென்றால்
முதல் வாய் சாம்பார்சாதத்தில் கழன்றுவிடும்.

கம்பி பல்லைப் பிடித்துக்கொண்டே இருக்கும் என்று
எல்லாரும் நினைக்கிறார்கள்.
இல்லை.
உட்கார்ந்துவிட்டால் அது சும்மா இருக்கும்,
தொட்டபடி, அழுத்தாமல்.
கிளம்பப் பார்க்கும்போதுதான் பிடிக்கும்.
வெளியே ஒரு கை பிடித்தால்
உள்ளே ஒரு கை அணைகொடுக்க வேண்டும்.
இல்லாவிட்டால் பிடித்த கையே பல்லைத் தள்ளிவிடும்.

அப்புறம் ரெஸ்ட்.
பல்லின் உச்சியில் குட்டிக்கரண்டிபோல் குடைந்த குழியில்
ஓர் உலோக நாக்கு.
பெயர்தான் ரெஸ்ட்.
முறுக்கு, நல்லி எலும்பு, மாங்கொட்டை
எல்லாப் பாரத்தையும் வேருக்கு இறக்குவது அதுதான்.
அதற்கு ஏது ஓய்வு?

இதெல்லாம் சரியாகத்தான் இருந்தது.
இருந்தும் முதல்முறை கொக்கியை இறுக்கினேன்.
இரண்டாம்முறை இன்னும் இறுக்கினேன்.
இந்தமுறை சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்:
தெரசம்மாள், 58.
தொழில்: ஏலம், காசிமேடு.

ஞாயிறு விடியுமுன் போனேன்.
ஐஸ் நொறுங்குகிறது. டீசல் நாற்றம்.
டியூப்லைட்டுக்குக் கீழே வெள்ளியாய் ஒரு வஞ்சிரக் குவியல்.
அவள் ஒரு நொடி திரும்பி நின்று
என் மூன்று வார உழைப்பை வாயிலிருந்து எடுத்துக்
கர்ச்சீப்பில் முடிந்து இடுப்பில் செருகினாள்.
பிறகு தலை பின்னால் சாய,
தாடை இடப்பக்கம் ஒதுங்க,
"ஆயிரத்தி எட்நூ...று!"

அந்த "ஆ"வில் முழு வாயும் தெரிந்தது,
அச்சில் பார்த்தே பழகிய வாய்.
கடைவாயில் இரண்டு பக்கமும் வெற்று ஈறு,
முன்னால் எட்டுப் பல் உறுதியாக.
ஒரு எண்கூட யாருக்கும் தப்பவில்லை.

பல்லில்லாமலே நன்றாகத்தானே கத்துகிறாள்
என்று கிளம்பியிருக்கலாம்.
ஆனால் பார்க்கில் சீசாப் பலகை ஞாபகம் வந்தது.
பின்பக்கம் இறங்கினால் முன்பக்கம் ஏறும்.
இரண்டு கொக்கிகள்தான் நடு அச்சு.
அச்சை எவ்வளவு இறுக்கினாலும் பலகை ஆடத்தான் செய்யும்.
முன்னால், தூரத்தில்,
ஏறவிடாமல் தடுக்க ஒரு ரெஸ்ட் வேண்டும்.
கோரைப்பல்லின் உட்புறத்தில்.

எவ்வளவு உயரத்தில் என்று யோசித்து
என் கோரைப்பல்லில் விரலை வைத்தேன்.

"பச்சை சுடிதார், எட்நூறு!" என்றாள்.

ஒரு கூடை காரப்பொடி.
வேண்டாமென்று சொல்லப் போனேன்.
"கை தூக்கிட்டா தூக்கினதுதான் கண்ணு,"
ஈறு முழுக்கச் சிரித்தாள்.
நான் யாரென்று சொல்லவில்லை.

லேபில் ஜெயசீலி நான்கு நாள் மீன் சாப்பிட்டாள்.
பர்னரில் உருகிய மெழுகுக்கும் மீன்வாடை.
சிவப்புப் பென்சிலால் முன்னே இரண்டு குழி குறித்தேன்,
கொக்கியைப் பழைய கால் மில்லிமீட்டருக்கே தளர்த்தினேன்.
வார்த்து, அரைத்து, பளபளப்பாக்கி
அச்சில் மாட்டி
யாருமில்லாத நேரம் அதன் எதிரே
"ஆயிரத்தி எட்நூறு" என்று கத்திப் பார்த்தேன்.
பிளாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை.

டப்பா போய் இருபது நாளாகிறது.
மாடிப்படியருகே பைக் நிற்கும்போதெல்லாம்
எட்டிப் பார்க்கிறேன்.